சம்மதம் வாங்குபவர்

மேடம் யாரையும் கேட்காமல் படம் எடுத்ததில்லை. தீபாவளிக்கு முன்பு அலுவலகத்தில் விருந்து வைப்பார்கள். சேலை கட்டிக்கொண்டு நாங்கள் வரிசையாக நிற்கும்போது, முதலில் ஒரு தாள் சுற்றி வரும். படத்தில் நிற்கச் சம்மதம், படம் நிறுவனத்தின் பக்கத்தில் ஏறச் சம்மதம், வேலையை விட்டுப் போன பிறகும் அது அங்கேயே இருக்கச் சம்மதம். மூன்றுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து. பொட்டலம் கட்டும் பிரிவிலிருந்த சாந்தி அக்கா ஒரு வருடம் மூன்றாவதில் கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டார். அவர் வேலையை விட்டு நின்ற அன்றே எல்லாப் படங்களிலிருந்தும் அவரை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒரு படத்தில் என் தோள்மேல் ஐந்து விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. சாந்தி அக்கா விரும்பாததை நாம் செய்யக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

ஜொகூர் மாநிலத்தின் தம்போயில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே கார் பட்டறை. அங்கே இரும்பைத் தட்டும் சத்தம் நாள் முழுக்க எங்கள் தரையில் அதிரும். நாங்கள் முகத்துக்குப் பூசும் கிரீம்களை இணையத்தில் விற்றோம். முதலாளி கேமரா முன் உட்கார்ந்து மலாயிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசி விற்பார். நானும் இன்னும் இரண்டு பெண்களும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவோம். சட்டம் சம்பந்தப்பட்டது எல்லாம் மேடம் கையில் இருந்தது. அவர் சட்டம் படித்தவர், ஆனால் ஒரு நாளும் வழக்கறிஞராக இருந்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நாங்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டோம்.

ஒல்லியான உருவம். எப்போதும் முழுக்கை ரவிக்கை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, மேசையில் சீனியும் பாலும் இல்லாத தேநீர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் பேசும்போது பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, கடைசிச் சொல் வரை கேட்பார். அப்படிக் கேட்கும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பேசி முடித்து என் இடத்துக்கு வந்து உட்காருவதற்குள் கைத்தொலைபேசி அதிரும். "நாம் பேசியபடி" என்று தொடங்கும் செய்தி. சிகாமட்டில் இருக்கும் அம்மாவுக்கு முதுகு வலி என்று ஒரு தடவை அவரிடம் சொல்லி அழுதேன். "நாம் பேசியபடி, உன் அம்மாவுக்கு முதுகு வலி. நீ வெள்ளிக்கிழமை சிகாமட் போகிறாய். விடுப்புக்கு நான் சம்மதித்திருக்கிறேன்" என்று வந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஹித்தாம் பூத்தே இருக்கா?" மலாயில் அதற்குக் கறுப்பு வெள்ளை என்று அர்த்தம். எழுத்தில் இருக்கிறதா என்பது கேள்வி. இருக்கிறது என்றால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். இல்லை என்றால், அந்த விஷயமே நடக்காத மாதிரி வேறு வேலைக்குத் திரும்பிவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒருவன் எனக்கு அசிங்க அசிங்கமாகச் செய்தி அனுப்ப ஆரம்பித்தான். கிரீம் வாங்குகிறவன் மாதிரி வருவான். இரண்டாவது வரியிலேயே என் உடம்பைப் பற்றிக் கேட்பான். மற்ற இரண்டு பெண்களும் கண்டுகொள்ளாதே என்றார்கள். மேடம் அப்படிச் சொல்லவில்லை. அவன் அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் தேதி வாரியாக அச்செடுத்து, மூன்று படிகள் கட்டி, என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனார். பகல் முழுவதும் என்னோடு அந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பசியாறவில்லை என்று தெரிந்ததும் தன் பையிலிருந்து ரொட்டியை எடுத்துக் கொடுத்தார். என் அக்காகூட எனக்காக அப்படி உட்கார்ந்திருக்க மாட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவன் தன் தாயாரோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். என்னைவிட வயதில் சின்னவன், கண்ணாடி போட்டிருந்தான். புகாரை மீட்டுக்கொள்ளும்படி அந்த அம்மா கெஞ்சினார். மேடம் இருவரையும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். பிறகு அச்செடுத்த தாள்களை அவன்முன் வைத்து, மன்னிப்பு கேட்பதற்குமுன் எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிய வேண்டும் இல்லையா, வாசியுங்கள் என்றார்.

அவன் வாசித்தான். அம்மா காதுபட, ஒவ்வொரு செய்தியாக, தேதியோடு. ஒரு சொல்லை விழுங்கினால் மேடம் மெதுவாக, அந்த வரியை மறுபடி என்பார். நான்காவது தாளில் அந்த அம்மா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். மேடம் நிறுத்தவில்லை. மொத்தம் பதினொரு தாள்கள். முடிந்ததும் அவனிடம் ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நல்லபடியா போய்ட்டு வாங்க என்று கதவு வரை போய் வழியனுப்பினார்.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த அம்மாவின் முகத்தை நினைத்து உள்ளுக்குள் மகிழ்ந்தேன். எனக்காக ஒருவர் இவ்வளவு செய்கிறாரே என்றுதான் நினைத்தேன். இவரால் இன்னும் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

என்னிடம் அவருக்குப் பிடித்தது என் தமிழ். சிகாமட் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான், கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். அவர் ஆங்கிலத்தில் எழுதும் நிபந்தனைகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலையாயிற்று. முதல் தடவை சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு போனேன். அவர் படித்துவிட்டு, இது நீதிமன்றம் மாதிரி இருக்கு, நம்ம அக்கா தங்கச்சிங்க படிக்கிற மாதிரி எழுது என்றார். அப்படியே எழுதினேன். "உங்கள் படங்களை நமது குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ள மனமார்ந்த சம்மதம்" என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் அது எந்த ஊடகத்திலும், எந்தக் காலத்துக்கும், எந்த வடிவத்திலும் பயன்படுத்தும் உரிமை என்று இருந்தது. அதுவும் கீழே சின்ன எழுத்தில் இருக்கத்தான் செய்தது. என் வரி மேலே பெரிதாக இருந்தது.

"உன் தமிழ்ல படிச்சா யாருக்கும் முடியாதுன்னு சொல்ல மனசு வராது, தர்ஷினி" என்றார். அந்த வாரம் முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஒரு முறை வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அடங்கிய பட்டியல் தவறுதலாக வெளியே போய்விட்டது. முதலாளி இதை யாருக்கும் தெரியாமல் அமுக்கிவிடலாம் என்றார். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய விவரம், அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று உறுதியாக நின்றார். முதலாளி கத்தினார், நாற்காலியைத் தள்ளினார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நீங்க மறைக்கச் சொல்றத எழுத்துல குடுங்க, நான் மறைக்கிறேன் என்றார். முதலாளி கொடுக்கவில்லை.

எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கடிதம் போனது. நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்பு கேட்கும் கடிதம். தமிழில் எழுதியவள் நான். எழுதும்போது பெருமையாக இருந்தது. கடிதத்தின் முடிவில் "புரிந்துகொண்டேன், நன்றி" என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் இந்த விஷயத்தில் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அது பொத்தானுக்குக் கீழே எழுதியிருந்தது. எங்கள் நேர்மையைப் பாராட்டிப் பலர் பதில் எழுதினார்கள். கிட்டத்தட்ட எல்லாருமே அழுத்தினார்கள்.

மேடம் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. இதை எழுதும் இப்போதும், எவ்வளவு யோசித்தும், ஒரு பொய்கூட நினைவுக்கு வரவில்லை.

பிலோமினா அக்கா எங்களிடம் கிரீம் வாங்கியவர். பண்டார் தெங்காரா என்ற ஊரில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்தார். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். எழுதுவதைவிடப் பேசி அனுப்புவதுதான் அவருக்குச் சுலபம். குரல் பதிவுகளில் பின்னால் தட்டுகள் மோதும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்கும். மாதா கோயில் திருவிழா வருகிறது, முகம் கொஞ்சம் பளிச்சென்று இருந்தால் தேவலை என்று சொல்லித்தான் முதல் டப்பாவை வாங்கினார். என் முகம் தெரியாமலேயே என்னிடம் 'மா' போட்டுப் பேசுவார்.

மூன்றாவது வாரம் அவருக்கு முகம் சிவந்தது. பிறகு கொப்புளம். கொப்புளம் காய்ந்ததும் இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் கரும் திட்டுகள் விழுந்துவிட்டன. திருவிழாவுக்கு அவர் போகவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு எங்களிடம் ஒரு புகார்ப் படிவம் இருந்தது. முகத்தை நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மூன்று படங்கள் ஏற்ற வேண்டும். சம்மதக் கட்டத்தைத் தட்டினால்தான் படம் ஏறும். மேலே என் வரி இருந்தது, நமது குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ள.

அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "இது என்னமா, சம்மதம்னு கேக்குது. எதுக்கு?" என்றார்.

எனக்கு அன்று வரிசையில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். "சும்மாதான் கா. தட்டுங்க, அப்பத்தான் படம் உள்ள வரும்" என்றேன்.

தட்டினார். பணம் மூன்று நாளில் திரும்பிப் போனது. அவர் நன்றி சொல்லி ஒரு குரல் பதிவு அனுப்பினார். விஷயம் முடிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி ஒரு புதுக் கிரீம் கொண்டுவந்தார். கரும் திட்டுகளைப் போக்கும் கிரீம். விளம்பரத்துக்கு 'முன்', 'பின்' படங்கள் வேண்டும். 'பின்' படத்துக்கு ஒரு பெண் கிடைத்துவிட்டாள். 'முன்' படத்துக்குத்தான் உண்மையான முகம் வேண்டியிருந்தது. மேடம் சம்மதம் தந்தவர்களின் கோப்பைத் திறந்தார். என்னைக் கூப்பிட்டு, பிலோமினாவின் படத்தைக் காட்டி, இவங்க சம்மதம் தந்திருக்காங்களா என்று கேட்டார். பதிவு அவர் கண்முன்னே இருந்தது, ஆனாலும் கேட்டார். தந்திருக்காங்க என்றேன். எங்கள் கிரீம் கெடுத்த முகம் அது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் பேனாவால் ஏதோ குறித்துக்கொண்டார். கண்களின்மேல் ஒரு கறுப்புப் பட்டை போடச் சொன்னார். கீழே, இந்தப் படங்கள் விளக்கத்துக்காக மட்டும் என்று ஒரு வரி சேர்த்தார். விளக்கத்துக்காக என்றால் இரண்டும் ஒரே ஆள் என்று நாம் சொல்லவில்லை என்று எனக்கு விளக்கினார்.

விளம்பரம் ஜொகூர் முழுக்கப் பரவியது. மலாய்ப் பதிப்பில் பிலோமினா அக்காவின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் 'செபெலும்' என்று இருந்தது. மலாயில் செபெலும் என்றால் முன்பு. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டது. ஒரே வாரத்தில் அவருக்குச் சிற்றுண்டிச்சாலையில் புதுப் பெயர் வந்துவிட்டது. செபெலும் ஆன்ட்டி, ஒரு நாசி லெமாக். செபெலும் ஆன்ட்டி, மீதிக் காசு. ஆசிரியர்கள் அதட்டினார்கள். அதட்டிய பிறகு பிள்ளைகள் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்கள்.

இதையெல்லாம் அவரே எங்களிடம் வந்து சொன்னார். இரண்டு பேருந்து மாறி, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, தம்போய்க்கு வந்தார். பட்டறைக்காரர்களிடம் வழி கேட்டு மாடி ஏறினார். அன்றுதான் முதல் தடவை அவரை நேரில் பார்த்தேன். நான்தான் தர்ஷினி என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேடம் அவரைத் தன் அறையில் உட்காரவைத்தார். காப்பி வரவழைத்தார். பேசுவதைப் பதிவு செய்யலாமா என்று கேட்டார். பிலோமினா அக்கா என்னைப் பார்த்துவிட்டு, செய்ங்க மேடம் என்றார். பிறகு மாஸ்கைக் கழற்றினார். படத்தில் இருந்ததைவிடத் திட்டுகள் கறுத்திருந்தன.

மேடம் கடைசி வரை கேட்டார். தலையைச் சாய்த்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னிடம் கேட்கிற மாதிரியே கேட்டார். பிலோமினா அக்கா அழுதபோது டிஷ்யூ பெட்டியைத் தள்ளி வைத்தார். எல்லாம் முடிந்ததும், உங்க வருத்தம் எனக்குப் புரியுது, ஆனா நாங்க உங்க பேரைப் போடல கா, கண்ணையும் மறைச்சிருக்கோம் என்றார்.

"என் கண்ணத்தானே மறைச்சீங்க மேடம்" என்றார் பிலோமினா அக்கா. "ஊர்ல எல்லாருக்கும் கண்ணு இருக்கே."

மேடம் கணினியை அவர் பக்கம் திருப்பினார். தேதி, நேரம், தட்டிய கட்டம். இது நீங்க தட்டினதுதானா என்று கேட்டார். ஆமா என்றார் அவர். வேற யாரும் தட்டலையே? இல்ல மேடம். அப்படியென்றால் எங்கள் பக்கம் தவறு இல்லை என்றும், ஆனாலும் ஒரு நல்லெண்ணமாக இந்த விளம்பரம் முடிந்த பிறகு படத்தை மறுபடி பயன்படுத்த மாட்டோம் என்றும் மேடம் சொன்னார். விளம்பரம் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. இப்போதே எடுக்கலாமே என்று நான் வாயைத் திறந்தேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, கவனமாகப் பார்த்தார். நான் காப்பிக் கோப்பைகளை எடுக்கத் தொடங்கினேன்.

பிலோமினா அக்காவின் கோயிலில் யாரோ விவரம் தெரிந்தவர் அவருக்காகப் புகார் எழுதிக் கொடுத்தார். பயனீட்டாளர் புகார்களை விசாரிக்கும் இடத்திலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. கட்டத்தைப் பற்றி அவர் விளக்கம் கேட்டாரா, நாங்கள் என்ன சொன்னோம் என்பதுதான் முக்கியமான கேள்வியாக இருக்கும் என்று மேடம் சொன்னார். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

அவங்க உன்னைக் கேட்டாங்களா என்றார். கேட்டாங்க மேடம், சும்மாதான்னு சொன்னேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் பேனாவை மூடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"வேலைக்குச் சேந்தப்ப பயிற்சித் தாள்ல கையெழுத்து போட்டிருக்க. கேட்டா முழுசா விளக்கணும்னு அதுல இருக்கு. நீ சொல்றபடி நடந்திருந்தா தப்பு கம்பெனியோடது இல்ல, உன்னோடது" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "நான் இன்னும் எதுவும் எழுதல. நாளைக்குக் காலையில இதே கேள்வியக் கேக்குறேன். அப்ப நீ என்ன சொல்றியோ அத எழுதிக்கிறேன்."

இவ்வளவுதான் சொன்னார். பொய் சொல்லச் சொல்லவில்லை. அன்று மட்டும் "நாம் பேசியபடி" வரவில்லை.

அம்மாவுக்கு மாதாமாதம் மருந்து வாங்க வேண்டியிருந்தது. வேறு வேலை இல்லை. இதைக் காரணமாகச் சொல்லலாம், ஆனால் அது மட்டும் காரணமில்லை. மேடம் என்னைக் கைவிட்டுவிடுவாரோ என்று பயந்தேன். பதினொரு தாள்களை அந்தப் பையன் வாசித்த நாளில் நான் நின்ற பக்கத்திலேயே கடைசி வரை நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மறுநாள் காலை அவர் கேட்டார். எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன் மேடம் என்றேன். அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை மலாயில் நடந்தது. விசாரித்த அதிகாரி பொறுமையான மனிதர். பிலோமினா அக்காவுக்கு ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை சொன்னார். படத்தை மாஸ்க் இல்லாத முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். எங்களை அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, இவர் கேட்டபோது அந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று விளக்கினீர்களா என்றார். விளக்கினேன் என்றேன். என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதிகாரி பிலோமினா அக்காவைப் பார்த்தார். உங்களிடம் சும்மா என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, இந்தப் பெண் விளக்கினேன் என்கிறாரே என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்த மாதிரி இருந்தது. என் முகத்தில் எதைத் தேடினார் என்று தெரியாது. பிறகு அதிகாரியிடம் தாழ்ந்த குரலில், "முங்கின் சாயா லுப்பா, துவான்" என்றார். நான் மறந்திருக்கலாம் ஐயா.

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. நான்தான் மறந்திருப்பேன் என்று மறுபடியும் சொன்னார். புகார் தள்ளுபடியாயிற்று.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பிலோமினா அக்கா பேருந்து நிறுத்தத்தில் கைப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். மேடம் காரை அவர் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, லார்க்கின் வரைக்கும் விட்டுடுறேன், ஏறுங்க கா என்றார். அவர் ஏற மாட்டார் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஏறினார். பின் இருக்கையில், நனைந்த சேலை இருக்கையில் படாதபடி ஓரமாக உட்கார்ந்தார்.

மேடம் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "பெல்ட்ட போட்டுக்குங்க கா. பின்னாடியும் போடணும், சட்டம்."

அவருக்கு அதை மாட்டத் தெரியவில்லை. நான் முன் இருக்கையிலிருந்து திரும்பி, கையை நீட்டி மாட்டிவிட்டேன். அவர் வயிற்றில் என் கை பட்டது. லார்க்கின் பேருந்து நிலையம் வந்தது. இறங்கும்போது மேடத்துக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னார், எனக்கும் ஒன்று சொன்னார். அவர் போன பிறகு மேடம், நல்ல மனுஷி என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

அதன் பிறகு ஏழு மாதம் அங்கேயே வேலை செய்தேன். உடனே விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். பிறகு சிகாமட்டில் ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் வேலை கிடைத்து ஊருக்கே திரும்பினேன். கடைசி நாளன்று மேடம் எனக்கு ஒரு நல்ல பேனா பரிசளித்தார். முதலாளி கடையை மூடிவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மேடம் சிங்கப்பூரில் பெரிய இடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

போன வருடம் கிளினிக்கில் கூட வேலை செய்யும் பெண் ஒரு கிரீம் விளம்பரத்தைக் காட்டி, இதை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டாள். யாரோ தெரியாத விற்பனையாளர், வேறு கிரீம். 'முன்' படத்தில் பிலோமினா அக்கா இருந்தார். தேடிப் பார்த்தேன். ஒன்பது தளங்களில் அந்தப் படத்தை வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சிலர் கறுப்புப் பட்டையை நீக்கிவிட்டு, யாருடையவோ கண்களை அங்கே ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் புகார் அனுப்பினேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் தந்தார்கள். படத்தில் இருப்பவர் நீங்களா, இல்லையென்றால் அவருடைய எழுத்துபூர்வமான அனுமதி உங்களிடம் இருக்கிறதா.

யாரைக் கேட்பது என்று எனக்கு வேறு ஆள் தெரியவில்லை. மேடத்தை அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார். பிலோமினா அக்காவின் பெயரும், விசாரணை நடந்த கிழமையும்கூட அவருக்கு நினைவிருந்தது. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். நல்ல காரியம் செய்ற என்றார். அரை மணி நேரத்தில் ஓர் அனுமதிக் கடிதம் வந்தது, மலாயிலும் ஆங்கிலத்திலும். ஒன்பது தளங்களுக்கும் தனித்தனியாக, எங்கே அனுப்புவது, எந்த விதியைச் சுட்டுவது என்ற குறிப்புகளோடு. அப்படி ஒரு கடிதத்தை வழக்கறிஞர்கள்கூட எழுத மாட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டிருந்தார். கீழே தமிழ்ப் பகுதிக்கு மட்டும் இடம் விட்டு, நீயே எழுது, உன் தமிழ் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தார்.

எழுதிக்கொண்டு பண்டார் தெங்காராவுக்குப் போனேன். பிலோமினா அக்கா பள்ளி வேலையை விட்டுவிட்டாராம். இப்போது செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறார். வெயிலுக்காக அங்கே எல்லாப் பெண்களும் கண்ணுக்குக் கீழே துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். வேலை முடிந்து வந்தவர் என்னை வீட்டு வாசல் கேட் அருகே பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே கூப்பிட்டார். காப்பியும் பிஸ்கட்டும் வைத்தார். துணியை அவிழ்த்தபோது திட்டுகள் கொஞ்சம் மங்கியிருந்தன.

நான் அன்று பொய் சொன்னேன் என்று முதலில் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். "தெரியும்மா. பெல்ட்ட மாட்டிவிட்டப்ப நீ என் மூஞ்சியவே பாக்கல" என்றார். குரலைக் காப்பாற்றியிருந்தேன், கண்ணைக் காப்பாற்றவில்லை.

பிறகு கடிதத்தை எடுத்து வைத்து, ஒவ்வொரு வரியையும் விளக்கினேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை. இதில் கையெழுத்துப் போட்டால் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுக்கவைக்கலாம் என்றேன். யார் எழுதியது என்று கேட்டார். சொன்னேன்.

அவர் கடிதத்தைக் கையில் எடுக்கவில்லை. தமிழ்ப் பகுதியை மட்டும் குனிந்து படித்தார். நல்லா எழுதியிருக்கமா என்றார். பேனாவை நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம்மா. நான் இனிமே எதுலயும் கையெழுத்து போடுறது இல்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நான் அழுதேன், கெஞ்சினேன். இது அவர் நன்மைக்குத்தான் என்றேன். தொலைபேசியில் தட்டச் சொன்னபோதும் நான் அதே குரலில்தான் பேசியிருப்பேன் போலிருக்கிறது, அவர் முகம் இறுகிவிட்டது. காப்பி ஆறுது, குடி என்றார். குடித்து முடித்ததும் கேட் வரை வந்து வழியனுப்பி, உள்ளிருந்து பூட்டிக்கொண்டார்.

திரும்பும் வழியில் கூலாய் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன், மறுத்துவிட்டார் என்று. உடனே பதில் வந்தது. எல்லாவற்றையும் முழுமையாக விளக்கினாயா என்று கேட்டிருந்தார். விளக்கினேன் என்று எழுதினேன். 

"அப்படியென்றால் அது அவர்கள் முடிவு. நாம் மதிக்க வேண்டும்."

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. பேருந்து வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, சரிங்க மேடம் என்று எழுதி அனுப்பினேன்.